படிக்காத அம்மாவும் பக்கத்தில் உட்காரலாம்

பள்ளிக்கூட வாசலிலும் ஷேர் ஆட்டோவிலும் ரேஷன் கடை வரிசையிலும் இந்தப் பேச்சு காதில் விழுந்துகொண்டே இருக்கிறது: "எங்களுக்குத்தான் படிப்பு ஏறலை. பிள்ளைக்கு நல்ல போனா வாங்கிக் கொடுத்துட்டோம். பாடமெல்லாம் அதுலயே இருக்காம்." சொல்கிறவருக்குப் பிள்ளைமேல் இருக்கும் அக்கறை உண்மையானது. அந்த போனுக்காக வாங்கிய கடனும் உண்மையானது. அவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர்களை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்திய கருத்தோடுதான் எனக்குச் சண்டை.

அந்தக் கருத்தை அதன் முழு பலத்தோடு சொல்லிவிடுகிறேன். உலகத்தின் சிறந்த ஆசிரியர்களுடைய பாடங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. படமும் அசைவும் ஒலியும் சேர்ந்து வருகின்றன. பிள்ளை தனக்குத் தோதான நேரத்தில், தனக்குப் பிடித்த வேகத்தில் படிக்கலாம். படித்த பெற்றோர் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் வீட்டுக்கும், கையெழுத்து மட்டுமே போடத் தெரிந்த பெற்றோரின் வீட்டுக்கும் இடையே தலைமுறை தலைமுறையாக இருந்த பள்ளத்தைக் கல்வித் தளங்கள் தூர்த்துவிடும். ஆகவே பெற்றோர் கருவியும் டேட்டாவும் வாங்கித் தந்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். இதைப் பள்ளிகள் சொல்கின்றன. செயலி விற்பவர்கள் சொல்கிறார்கள். ஏழைப் பிள்ளைகள்மேல் உண்மையான கரிசனம் உள்ளவர்களும் சொல்கிறார்கள்.

பாடங்கள் கிடைக்கின்றன என்பது சரி. பல பாடங்கள் மிக உயர்ந்த தரத்தில் இருக்கின்றன என்பதும் சரி. ஒதுங்கிக்கொள்ளலாம் என்பது தவறு. அந்தத் தவறுக்கு அடியில் அதைவிடப் பெரிய தவறு ஒன்று கிடக்கிறது. படிக்காத பெற்றோரால் பிள்ளையின் படிப்புக்கு ஆகக்கூடியது ஒன்றுமில்லை என்று எல்லோரும், அந்தப் பெற்றோர் உட்பட, நம்பிவிட்டார்கள். ஒரு தளம் வீட்டில் பயன்பட வேண்டுமானால் பிள்ளையின் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. கேட்கத் தெரிந்தால் போதும்.

தானே கற்கும் பிள்ளை என்ற கருத்துக்குப் பெரிய சாட்சியாக எல்லோரும் அழைப்பது சுகதா மித்ராவை. 1999-இல் டெல்லி கால்காஜியில், ஒரு சேரிக்கு எதிரே இருந்த சுவரில் துளை போட்டு அவர் ஒரு கணினியைப் பதித்தார். ஆங்கிலமும் தெரியாத, கணினியையும் பார்த்திராத பிள்ளைகள் கூடி, ஒருவருக்கொருவர் காட்டிக்கொடுத்து, சில நாட்களில் அதை இயக்கக் கற்றுக்கொண்டார்கள். அந்தக் கதை உலகமெல்லாம் பரவியது. 2013-இல் அவருக்கு டெட் பரிசு கிடைத்தது. ஆசிரியர் இல்லாமலே பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள் என்று பேச விரும்பிய அத்தனை பேரும் அந்தச் சுவரைக் காட்டினார்கள்.

அதே மித்ரா நம் வாசலில் செய்த இன்னொரு சோதனையைப் பற்றி இங்கே அதிகம் பேர் பேசுவதில்லை. புதுச்சேரிக்கு அருகே கலிக்குப்பம் என்ற கிராமம். தமிழ் பேசும் பிள்ளைகள். பத்து முதல் பதினான்கு வயது. அவர்களுக்குக் கணினியில் கொடுக்கப்பட்டது மூலக்கூறு உயிரியல், அதிலும் டிஎன்ஏ தன்னைத்தானே படியெடுத்துக்கொள்ளும் முறை, அதுவும் ஆங்கிலத்தில். கற்றுத்தர யாரும் இல்லை. சில மாதங்கள் கழித்துச் சோதித்தபோது ஏறத்தாழ 30 விழுக்காடு மதிப்பெண் வாங்கினார்கள். வியப்பான விஷயம்தான். ஆனால் 30 என்பது தேறாத மதிப்பெண். அப்போது மித்ரா ஓர் ஆளைச் சேர்த்தார். பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பழக்கமான, கணக்கர் வேலை பார்த்த ஓர் இளம்பெண். உயிரியல் அவருக்குத் தெரியாது. பிள்ளைகளுக்குப் பின்னால் நின்று, எப்படிச் செய்தாய் என்று வியந்து கேட்பதும், அடுத்து என்ன என்று தூண்டுவதும்தான் அவருடைய வேலை. பாட்டிமார் வழி என்று மித்ரா அதற்குப் பெயர் வைத்தார். மதிப்பெண் ஏறத்தாழ 50-க்கு உயர்ந்தது. பாட ஆசிரியர் வைத்துப் படித்த டெல்லித் தனியார் பள்ளிப் பிள்ளைகளின் அளவு அது.

இது சிறிய சோதனை. இதை மட்டும் வைத்துக்கொண்டு பெரிய மாளிகை கட்ட முடியாது. ஆனால் தானே கற்கும் பிள்ளைக்குச் சாட்சியாக மித்ராவை அழைக்கிறவர்கள் அவருடைய சாட்சியத்தை முழுதாகக் கேட்க வேண்டும். கணினி மட்டும் இருந்தபோது எங்கே நின்றது, பாடம் தெரியாத ஒருத்தி வந்து நின்றதும் எங்கே போனது என்பதை அவரே அளந்து எழுதியிருக்கிறார். சுவரில் பதித்த கணினிகளின் பின்கதையையும் அவர்கள் கேட்க வேண்டும். உத்தராகண்டில் அல்மோராவிலும் ஹவல்பாக்கிலும் வைக்கப்பட்டவற்றைப் பின்னாளில் தேடிப்போன பாயல் அரோரா என்ற ஆய்வாளர் கண்டது, செயலற்றுப்போன இடங்களைத்தான். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத இடத்தில் கருவியும் நிலைக்கவில்லை.

கருவியைக் கொடுத்தால் படிப்பு தானாக வரும் என்பதை நாடளவில் செய்து பார்த்தவர்களும் உண்டு. பெரு நாடு கிராமப் பள்ளிப் பிள்ளைகளுக்கு லட்சக்கணக்கில் சிறு மடிக்கணினிகளைக் கொடுத்தது. ஒவ்வொன்றுக்குள்ளும் சுமார் 200 புத்தகங்கள் ஏற்றப்பட்டிருந்தன. 319 பள்ளிகளில் நடந்த ஆய்வின் முடிவு 2012-இல் வந்தது. பொதுவான சிந்தனைத் திறனில் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. கணக்கிலும் மொழிப்பாடத்திலும் ஒரு மாற்றமும் இல்லை. ருமேனியாவில் நடந்தது இன்னும் வருத்தமானது. வருமானம் குறைந்த குடும்பங்கள் கணினி வாங்க அரசு 200 யூரோ உதவித்தொகை கொடுத்தது. உதவி கிடைத்த வீடுகளையும், வருமான வரம்பில் மயிரிழையில் தவறிய வீடுகளையும் மலமூத், பாப்-எலெக்கெஷ் என்ற இரு பொருளியலாளர்கள் ஒப்பிட்டு 2011-இல் எழுதினார்கள். கணினி வந்த வீட்டுப் பிள்ளைகள் கணினியை நன்றாகக் கையாளப் பழகினார்கள். பள்ளி மதிப்பெண்ணில் பின்தங்கினார்கள். பெரும்பாலும் விளையாட்டுக்கே அது பயன்பட்டது. வீட்டுப்பாடத்துக்குப் பெற்றோர் கட்டுப்பாடு வைத்திருந்த வீடுகளில் மட்டும் அந்தச் சரிவு குறைவாக இருந்தது.

பெருவுக்கும் ருமேனியாவுக்கும் போக வேண்டாம் என்றால் நம் நாட்டையே பார்க்கலாம். கிராமப்புறக் கல்வி நிலையை அளக்கும் அசர் ஆய்வின் 2024-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, கிராமப்புறத்தில் 14 முதல் 16 வயதுள்ள பிள்ளைகளில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஸ்மார்ட்போன் இயக்கத் தெரியும். அவர்களில் முந்தைய வாரத்தில் படிப்புக்காக அதைப் பயன்படுத்தியவர்கள் 57 விழுக்காடு. சமூக ஊடகம் பார்த்தவர்கள் 76 விழுக்காடு. கதவு திறந்திருக்கிறது என்பதற்காகப் பிள்ளைகள் நூலகத்துக்குள்தான் போவார்கள் என்று நாம் எதிர்பார்த்துவிட்டோம்.

உலகின் மிகப் பெரிய இலவசக் கல்வித் தளங்களில் ஒன்று எப்படிப் பிறந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 2004-இல் பாஸ்டனில் இருந்த சல்மான் கான், நியூ ஆர்லியன்ஸில் இருந்த தன் உறவுக்காரச் சிறுமி நாடியாவுக்கு அளவை மாற்றும் கணக்கு புரியாததால் தொலைபேசியில் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். வரைந்து காட்ட இணையத்தில் ஒரு சிறு கருவி. மற்ற உறவுக்காரப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். 2006-இல் பாடங்களை யூடியூபில் ஏற்றினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் கான் அகாடமி. நேரில் சொல்வதைவிட யூடியூபில் கேட்பதுதான் வசதி என்று அந்தப் பிள்ளைகளே சொன்னதாகக் கான் மேடையில் சொல்லியிருக்கிறார். என் வாதத்துக்கு எதிரானதுபோலத் தோன்றும் இந்தச் செய்தியை நான் ஒதுக்க மாட்டேன். நிறுத்தலாம், திரும்பக் கேட்கலாம், புரியவில்லை என்று நாலு பேர் முன்னால் சொல்லிக் கூசத் தேவையில்லை. இது தளத்தின் உண்மையான பலம்; எந்த வகுப்பறையாலும் தர முடியாத பலம். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு யூடியூப் பாடம் தனியாக வரவில்லை. அவர்கள் பார்த்தார்களா, புரிந்ததா, எங்கே சிக்கிக்கொண்டார்கள் என்று விசாரிக்க ஓர் அண்ணன் மறுமுனையில் இருந்தார். தளம் உலகமெல்லாம் போனது. அண்ணன் எல்லா வீட்டுக்கும் போகவில்லை.

அப்படியானால் பாடம் தெரியாத ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து என்னதான் செய்ய முடியும்? பள்ளிபாளையத்துப் பக்கம் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஏழாம் வகுப்புப் பையன். அவனுடைய அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, விசைத்தறிக் கூடத்தில் தார் போட்டே வயதைக் கழித்தவர், பள்ளிக்கூடம் போனதில்லை. பையன் போனில் ஃபெட் தளத்தின் மின்சுற்றுப் பாடத்தைத் திறந்து வைத்திருந்தான். இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய தளம் அது. காசு கிடையாது. திரையில் பேட்டரி, ஒயர், பல்பு, சுவிட்ச் எல்லாம் இருக்கும். விரலால் இழுத்துச் சேர்த்தால் சுற்று உருவாகும், பல்பு எரியும். பையன் ஒரு பேட்டரி, ஒரு பல்பு வைத்து எரியவிட்டான். அதே வரிசையில் இன்னொரு பல்பைச் சேர்த்தான். இரண்டும் மங்கின. மூன்றாவதையும் சேர்த்தான். இன்னும் மங்கின. அவ்வளவுதான், பாடம் முடிந்தது என்று அடுத்ததற்குப் போகப் பார்த்தான்.

பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மிச்சி எட்டிப் பார்த்தார். "ஏஞ்சாமி மங்கிப்போச்சு?"

"மூணு பல்பு ஆயிருச்சுல்ல அம்மிச்சி. கரண்டு பத்தலை."

"நம்மூட்டுல வாசல் லைட்டைப் போட்டா சமையக்கட்டு லைட்டு மங்கறதில்லையே?"

பையன் பதில் சொல்லவில்லை. போனை எடுத்து ஒயர்களைப் பிரித்தான். தப்பாக மாட்டினான், சுற்றில் தீப்பிடித்ததுபோலப் படம் வந்தது, மறுபடி பிரித்தான். ஒவ்வொரு பல்புக்கும் பேட்டரியிலிருந்து தனித்தனியாக ஒயர் இழுத்துப் பார்த்தபோது மூன்றும் முழு வெளிச்சத்தில் எரிந்தன. "இங்க பாருங்க அம்மிச்சி, நம்மூடு இப்படித்தான்" என்று காட்டினான். அவர் விடவில்லை. "அப்ப முந்தி நீ பண்ணினது, நோம்பிக்குக் கட்டற சீரியல் செட்டாட்டமா? அதுல ஒண்ணு போனா வரிசையா அத்தனையும் போயிருமே." பையன் மறுபடி பழைய சுற்றைக் கட்டி, நடுவிலிருந்த பல்பை உருவினான். எல்லாம் அணைந்தன.

தொடரிணைப்பு, பக்க இணைப்பு என்ற இரண்டு பெயரும் அம்மிச்சிக்குத் தெரியாது. பையனுக்கு அந்தப் பெயர்கள் தெரியும், வகுப்பில் எழுதிப்போட்டிருக்கிறார்கள். அவை எதைக் குறிக்கின்றன என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கொலராடோக்காரர்கள் அந்தத் தளத்தை எத்தனை நேர்த்தியாகச் செய்திருந்தாலும், சமையக்கட்டு லைட்டைப் பற்றி அவர்களால் கேட்டிருக்க முடியாது. அந்தக் கேள்வியைக் கேட்க அந்த வீட்டில் குடியிருக்க வேண்டும்.

இதற்குக் காரணம் புரியாத மாயம் எதுவும் இல்லை. ஒன்றைப் பார்ப்பதும் கேட்பதும் புரிந்துவிட்டதாக ஓர் உணர்வைத் தரும். அந்த உணர்வு பெரும்பாலும் பொய். அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதி மாணவர்கள் பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். மற்றவர்கள் ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நினைவிலிருந்து எழுதியவர்கள் தெளிவாக முந்தினார்கள். காணொளிப் பாடம் பிள்ளையைத் திரும்பப் பார்ப்பவனாகவே வைத்திருக்கிறது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "இப்ப எனக்குச் சொல்லு, என்ன பார்த்தே?" என்று ஒருவர் கேட்கும்போதுதான் அவன் நினைவிலிருந்து எடுத்துச் சொல்பவனாக மாறுகிறான். கேட்பவர் பாடம் தெரியாதவராக இருப்பது இங்கே வசதிதான். டீச்சரிடம் பாதி சொன்னால் மீதியை அவரே நிரப்பிக்கொள்வார். அம்மாவிடம் அடியிலிருந்து சொல்ல வேண்டும். எங்கே தடுமாறுகிறானோ அங்கே அவனுக்கே ஓட்டை தெரிந்துவிடும். திரும்பப் போனைத் திறந்து அந்த இடத்தை மட்டும் பார்ப்பான்.

இனி எதிர்வாதங்கள். இயந்திரமே நன்றாகக் கற்பிக்கிறது என்பதற்கு வலுவான ஆதாரம் ஒன்று உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற கணினிவழிப் பாடமுறையை முரளிதரன், சிங், கனிமியன் ஆகிய ஆய்வாளர்கள் சோதித்து 2019-இல் வெளியிட்டார்கள். நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் பிள்ளைகள் கணிசமாக முன்னேறினார்கள். ஆனால் அந்தப் பிள்ளைகள் வீட்டில் தனியாகப் போனோடு இருந்தவர்கள் அல்லர். பள்ளி முடிந்தபின் ஒரு மையத்துக்கு வந்தார்கள். அங்கே நேரம் குறித்திருந்தது. கணினியில் பாதி நேரம், சிறு குழுவாக ஓர் உதவியாளரோடு பாதி நேரம். அந்த ஆய்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி வேறு. அவர்களில் ஆறாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். மென்பொருள் அவர்களை ஆறாம் வகுப்புக் கணக்கில் கட்டிப்போடவில்லை. அவர்கள் உண்மையில் நின்ற இடத்திலிருந்து தொடங்கியது.

நம் பள்ளிகள் வாட்ஸ்அப் குரூப்பில் அனுப்பும் லிங்க் இதற்கு நேர்மாறானது. இன்றைக்கு வகுப்பில் எந்தப் பாடமோ அந்தப் பாடத்தின் காணொளி எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றாகப் போகிறது. வகுத்தல் வராத பிள்ளைக்கு விகிதமும் வீதமும் காணொளியில் வந்தால் என்ன, கரும்பலகையில் வந்தால் என்ன? தளத்தின் பெரிய வசதியே பின்னால் போக முடிவதுதான். எட்டாம் வகுப்புப் பெண் யாருக்கும் தெரியாமல் நான்காம் வகுப்புப் பின்னத்தைத் திறந்து உட்கார்ந்து சரிசெய்துகொள்ளலாம். இதில் கேவலம் ஒன்றுமில்லை, போய் முதலிலிருந்து பார் என்று சொல்ல வீட்டில் ஒரு பெரியவர் வேண்டும். பிள்ளை தானாகப் பின்னால் போகாது, அதற்கு வெட்கம்.

அடுத்த எதிர்வாதம் என்னை உண்மையில் தயங்க வைப்பது. நேரம் ஏது? காலையில் ஏழு மணிக்கு மில் வேன் ஏறி இரவு எட்டு மணிக்கு இறங்கும் தாயிடம் போய், பிள்ளையோடு உட்கார் என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. இருக்கிற வேலையோடு இன்னொன்றையும் தாயின் தலையில் ஏற்ற நான் இதை எழுதவில்லை. தகப்பன் உட்காரலாம், உட்கார வேண்டும். பாட்டி, தாத்தா, சித்தப்பா, மேல் வகுப்பில் படிக்கும் அக்கா, யாராக இருந்தாலும் சரி. தேவைப்படும் நேரமும் மக்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. கொரோனாக் காலத்தில் போட்ஸ்வானாவில் பள்ளிகள் மூடியிருந்தபோது ஒரு சோதனை நடந்தது. சில குடும்பங்களுக்கு வாரந்தோறும் கணக்குகளைக் குறுஞ்செய்தியாக மட்டும் அனுப்பினார்கள். வேறு சில குடும்பங்களுக்கு அதோடு வாரம் ஒருமுறை இருபது நிமிடம்போல போன் செய்து, பெற்றோரையும் பிள்ளையையும் சேர்த்து உட்காரவைத்து அந்தக் கணக்குகளைப் பேசினார்கள். குறுஞ்செய்தி மட்டும் போன வீடுகளில் சொல்லும்படியான பலன் இல்லை. போன் செய்த வீடுகளில் பிள்ளைகள் கணக்கில் முன்னேறினார்கள். அந்தப் பெற்றோருக்குத் தங்கள் பிள்ளை எந்த அளவில் இருக்கிறது என்பதும் சரியாகத் தெரிந்தது. வாரத்துக்கு இருபது நிமிடம். நம் வீடுகளில் ஒரு சீரியலின் நேரத்தைவிடக் குறைவு.

ஆளே இல்லாத வீடுகளும் உண்டு. அங்கே என்ன செய்வது என்பதற்கு விடை தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. கொரோனாவில் நம் தொடக்கப் பள்ளிகள் ஒன்றரை ஆண்டுக்கு மேல் மூடிக்கிடந்தன. அந்தக் காலத்தில் கல்வித் தொலைக்காட்சி பாடம் நடத்தியது. பாடநூல்களில் 2018 முதல் அச்சிட்ட கியூஆர் குறிகள் இருந்தன. வாட்ஸ்அப்பில் லிங்க்குகள் வந்தன. இவ்வளவும் இருந்தும், 2021 டிசம்பரில் கிராமப்புறப் பிள்ளைகளைச் சோதித்த ஆய்வாளர்கள் கணக்கிலும் தமிழிலும் பெரும் இழப்பைக் கண்டார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் அந்த இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது என்று அதே ஆய்வு கணக்கிட்டது. இல்லம் தேடிக் கல்வி என்பது என்ன? 2021 அக்டோபரில் தொடங்கிய திட்டம். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு, அந்தந்தத் தெருவைச் சேர்ந்த தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலையில் ஒன்றரை மணி நேரம்வரை ஒன்று முதல் எட்டு வகுப்புப் பிள்ளைகளைத் திண்ணையிலும் சமுதாயக் கூடத்திலும் சேர்த்து உட்காரவைத்தார்கள். திரையால் ஈடுகட்ட முடியாததை வகுப்பறை ஆசிரியரும் தெருவிலிருந்த அக்காவும் ஈடுகட்டினார்கள்.

மூன்றாவது எதிர்வாதம் விற்பனையாளர்களுடையது: இலவசத் தளம் அப்படித்தான் இருக்கும், காசு கொடுத்து வாங்கினால் பிள்ளை படிக்கும். இதில் எனக்குக் கோபம் அதிகம். 2022-இல் 2,200 கோடி டாலர் மதிப்பு சொல்லப்பட்ட பைஜூஸ் என்ற கல்விச் செயலி நிறுவனத்தின்மீது 2024 ஜூலையில் திவால் நடவடிக்கை தொடங்கியது. இந்தத் துறையில் என்ன நடக்கிறது என்பதை 2021 டிசம்பரிலேயே ஒன்றிய கல்வி அமைச்சகம் பெற்றோருக்கு எச்சரித்திருந்தது. இலவசம் என்று அழைத்து, வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் ஒப்புதலில் கையெழுத்து வாங்குகிறார்கள், அதிலும் எளிய குடும்பங்களைக் குறிவைக்கிறார்கள் என்று அந்த அறிவிப்பு வெளிப்படையாகச் சொன்னது. வீட்டுக்கு வரும் விற்பனைப் பிரதிநிதி முதலில் தொடும் இடம் எதுவென்று பாருங்கள். "உங்களால சொல்லிக்கொடுக்க முடியுமா அம்மா?" என்ற கேள்வி. அந்தக் கேள்வியில் தாய் தலை குனிகிறாள். அதற்குப் பிறகு மாதத் தவணைக் காகிதம் வெளியே வருகிறது. படிக்காத பெற்றோரால் ஆகாது என்ற எண்ணம் ஒரு தவறான கருத்து என்பதோடு நிற்கவில்லை. அதை வைத்து வியாபாரம் நடக்கிறது.

காசில்லாமல் கிடைப்பவை தரம் குறைந்தவையும் அல்ல. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழில் படக்கதைகள் ஏராளம். ஒரு பக்கத்துக்கு ஒரு வரி மட்டும் உள்ள கதையிலிருந்து நீண்ட கதைவரை, வாசிக்கும் திறனுக்கு ஏற்ப நான்கு படிகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒரு கதையை எழுத்துக்கூட்டி வாசிக்க, எழுதப் படிக்கத் தெரியாத ஆத்தா படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்கலாம். அந்த யானை எங்கே போச்சு, ஏன் அழுதுச்சு என்று அவர் கேட்கும் கேள்விக்குப் பிள்ளை திரும்பிப் போய் வாசிக்கும். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அனைத்தும் இணையத்தில் இலவசம். ஃபெட் தளத்தின் பாடங்கள் பல தமிழிலும் உண்டு. எல்லாம் ஆங்கிலத்தில்தானே இருக்கிறது என்ற சாக்கு இனி எடுபடாது. ஆங்கிலத்தில் மட்டும் உள்ள ஒன்றைப் பிள்ளை பார்த்தாலும், அதைத் தாய்க்குத் தமிழில் சொல்ல வேண்டி வரும்போதுதான் அது அவனுக்குப் புரிந்ததா என்பது தெரியும்.

இப்போது செயற்கை நுண்ணறிவும் பிள்ளைகள் கைக்கு வந்துவிட்டது. கணக்கைப் படம் பிடித்துப் போட்டால் விடை வருகிறது. கட்டுரை கேட்டால் எழுதித் தருகிறது. இனிமேல் பெற்றோர் எதற்கு என்கிறார்கள். நான் நேர் எதிராகச் சொல்வேன். விடை கிடைப்பது கடினமாக இருந்தவரை, அதைத் தேடுவதிலாவது பிள்ளை கொஞ்சம் கற்றது. விடை நொடியில் வரும்போது, "இது எப்படி வந்துச்சு, எனக்குச் சொல்லு" என்று கேட்கும் ஆள் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை வெறும் நகலெடுப்பவனாகிவிடுவான்.

போனே கூடாது, புத்தகம் போதும் என்போரோடு நான் இங்கே வாதாடவில்லை. நல்ல புத்தகமும் படித்த பெற்றோரும் இருக்கும் வீட்டில் அப்படிச் சொல்வது எளிது. பள்ளிபாளையத்துப் பையனின் வீட்டில் அந்த மின்சுற்றைக் கட்டிப் பார்க்க வேறு வழி இல்லை. அவனிடமிருந்து தளத்தைப் பிடுங்குவதை நான் ஒப்ப மாட்டேன்.

செய்ய வேண்டியது பள்ளிகளிடமும் அரசிடமும் இருக்கிறது. பெற்றோர் கூட்டத்தில் தாய்மாரை நிற்கவைத்து, "வீட்ல நீங்க கவனிக்கறதே இல்ல" என்று சொல்வதை ஆசிரியர்கள் நிறுத்த வேண்டும். எப்படிக் கவனிப்பது என்று அந்தத் தாயிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. ஒரு பிள்ளையை முன்னால் வரச்சொல்லி, அதன் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் கேட்க, அது சொல்ல, பத்து நிமிடம் மற்றவர்களுக்குக் காட்டலாம். காணொளி லிங்க் அனுப்பும் ஆசிரியர், அதன் கீழே வீட்டில் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைத் தமிழில், குரல் பதிவாக அனுப்பலாம். வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் அது போய்ச் சேரும். பாடநூலில் ஒவ்வொரு கியூஆர் குறியையும் அச்சிட இடம் கண்டுபிடித்த அரசு, அதற்குப் பக்கத்திலேயே, பார்த்து முடித்ததும் வீட்டில் உள்ள பெரியவரிடம் பிள்ளை விளக்க வேண்டிய ஒரு கேள்வியையும் அடுத்த பதிப்பிலிருந்து அச்சிடட்டும்.